கலனின் உட்கொள்ளளவை வாயு அழுத்தத்தைக் கொண்டு அளத்தல்: எந்த முறை எப்போது பொருந்தும்?

வாய் குறுகிய, உள்ளே குழாய்களும் தடுப்புத் தகடுகளும் பற்றவைக்கப்பட்ட ஓர் உலோகக் கலனின் உட்கொள்ளளவைக் கண்டறிய வேண்டுமென்றால், வெளியே டேப் வைத்து அளந்து கணக்கிடும் விடையை நம்ப முடியாது. வெளிவிட்டம் 300 மில்லிமீட்டரும் சுவர்த் தடிமன் 3 மில்லிமீட்டரும் கொண்ட உருளையில், சுவரைக் கழிக்க மறந்தாலே கொள்ளளவு 4 சதவீதம் கூடிவிடும். உள்ளே இருக்கும் தகடுகளும் குழாய்களும் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன என்பது வெளியிலிருந்து தெரியவே தெரியாது. இத்தகைய கலனுக்குள் மூலை முடுக்கெல்லாம் தானே பரவக்கூடிய பொருள் வாயு ஒன்றுதான் என்பதால், அதன் அழுத்தம் எவ்வளவு மாறுகிறது என்பதிலிருந்து கொள்ளளவைக் கண்டறியும் முறைகள் பல உருவாகியுள்ளன. அவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தேர்வில் இறங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது அழுத்தமானியின் துல்லியத்தைத்தான். அது தவறான தொடக்கம் என்பது என் கருத்து. நல்ல மானியை விலைகொடுத்து வாங்கிவிடலாம். ஆனால் வாயுவின் வெப்பநிலை எந்த அளவுக்கு நம் கைக்குள் இருக்கிறது, ஒப்பிடப் பயன்படுத்தும் கலன் எவ்வளவு பெரியது என்ற இரண்டு கேள்விகளே பெரும்பாலான அளவீடுகளில் விடையின் தரத்தைத் தீர்மானிக்கின்றன.

வாயுவைப் பற்றிப் பேசுவதற்கு முன் தண்ணீரைப் பற்றி ஒரு சொல். கலனைத் தண்ணீரால் நிரப்பி எடைபோட முடியுமானால், அதை விட்டுவிட்டு வாயு முறைக்குப் போவதற்குக் காரணமே இல்லை. 20 டிகிரி செல்சியஸில் தண்ணீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 998.2 கிலோகிராம், காற்றின் மிதப்பு விசையையும் சேர்த்துத் திருத்தினால், தராசு காட்டும் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 1.0029 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 20 லிட்டர் கலன் 19.943 கிலோகிராம் தண்ணீரைக் காட்டும். ஒரு கிராம் வரை பிரித்துக் காட்டும் தராசு இருந்தால், தராசின் பங்கு பிழை என்று சொல்லத்தக்க அளவுக்கே வராது. தங்கிவிடும் காற்றுக்குமிழிதான் பிழையைத் தரும், அதுவும் 20 மில்லிலிட்டர் குமிழிக்கு 0.1 சதவீதம் மட்டுமே. தண்ணீர் கூடாத இடங்களும் இருக்கின்றன: ஈரம் பட்டால் கெடும் உட்பூச்சு உள்ளவை, முழுமையாக உலர்த்த முடியாத சிக்கலான உள்ளமைப்பு கொண்டவை, ஒரு கன மீட்டர் தண்ணீரின் ஒரு டன் எடையைத் தாங்காத தாங்கிகளில் நிற்பவை, ஏற்கெனவே ஒரு திரவமோ திடப்பொருளோ பாதி நிரம்பி மீதியிருக்கும் வெற்றிடம் மட்டும் தெரியவேண்டியவை. இவற்றுக்குத்தான் வாயு.

முதல் முறை: அளவறிந்த கலனிலிருந்து வாயுவைத் திறந்துவிடுதல்

1662இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதியே இதற்கு அடிப்படை. கொள்ளளவு முன்பே தெரிந்த ஒரு கலனில் வாயுவை ஓர் அழுத்தத்துக்கு நிரப்பி, இடையிலுள்ள வால்வைத் திறந்து, அளவறியாக் கலனுக்குள் அதைப் பரவவிட்டு, இரண்டும் சேர்ந்த நிலையில் அழுத்தத்தைப் படிப்பதுதான் செயல்முறை. அளவறிந்த கலனின் தொடக்க அழுத்தத்திலிருந்து இறுதி அழுத்தத்தைக் கழித்து, அதை, இறுதி அழுத்தத்திலிருந்து அளவறியாக் கலனின் தொடக்க அழுத்தத்தைக் கழித்துவரும் எண்ணால் வகுத்தால், அளவறியாக் கலன் அளவறிந்த கலனைப்போல எத்தனை மடங்கு என்பது கிடைத்துவிடும்.

எடுத்துக்காட்டாக, 1 லிட்டர் கலனில் 500 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கிறது. அளவறியாக் கலனில் 100 கிலோபாஸ்கல் இருக்கிறது. திறந்தபின் இரண்டிலும் 120 கிலோபாஸ்கல் நிற்கிறது என்று கொள்வோம். 380ஐ 20ஆல் வகுக்க 19 வருகிறது. அளவறியாக் கலன் 19 லிட்டர். கணக்கு எளிமையாக இருக்கிறது, ஆனால் அந்த 20 என்ற சிறிய எண்ணில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. அந்த வித்தியாசத்தில் 0.5 கிலோபாஸ்கல் பிழை நேர்ந்தால் விடையில் 2.5 சதவீதம் போய்விடும். வாயு நாம் நினைப்பதைவிட ஒரே ஒரு கெல்வின் கூடுதல் சூட்டில் இருந்தால், 293இல் ஒன்று என்ற கணக்கில் 0.34 சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த 0.34 சதவீதம் 120 கிலோபாஸ்கல் முழுவதன்மீதும் விழுவதால் இறுதி அழுத்தம் 120.41 ஆகி, விடை 18.6 லிட்டராக இறங்கிவிடுகிறது. ஒரு கெல்வினுக்கு 2 சதவீதத்துக்கும் மேல் இழப்பு.

இதே கலனை வேறு விதமாக அளந்து பார்ப்போம். அளவறிந்த கலன் 20 லிட்டர், அதில் 200 கிலோபாஸ்கல். அளவறியாக் கலனிலிருந்து வாயு முழுவதும் வெற்றிடப் பம்பால் உறிஞ்சப்பட்டுவிட்டது. திறந்தபின் அழுத்தம் 102.56 கிலோபாஸ்கலில் நிற்கும். விடை அதே 19 லிட்டர். இப்போது அதே ஒரு கெல்வின் பிழை நேர்ந்தால் விடை 18.87 லிட்டராகும், அதாவது பிழை 0.7 சதவீதம். மானியும் அறையும் மாறவில்லை. கலனின் அளவும் தொடக்க நிலையும் மாறியதாலேயே பிழை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

வெற்றிடத்துக்குள் திறந்துவிடும் வகையில், முழு அளவில் 0.1 சதவீதம் பிழைபடக்கூடிய மானியை அதன் உச்ச அளவிலிருந்து தொடங்கிப் பயன்படுத்துவதாகக் கணக்கிட்டால், இரு கலன்களும் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கும்போது விடையின் பிழை 0.45 சதவீதமாகவும், அளவறியாக் கலன் பத்து மடங்கு பெரிதாக இருந்தால் 1.2 சதவீதமாகவும், பத்தொன்பது மடங்காக இருந்தால் 2.1 சதவீதமாகவும் வருகிறது. மிகக் குறைந்த பிழை வருவது, அளவறியாக் கலன் அளவறிந்ததைப்போல 1.2 மடங்காக இருக்கும்போதுதான். கையிலிருக்கும் ஒரு சிறிய மாதிரிக் குப்பியை வைத்துக்கொண்டு பெரிய தொட்டியை அளக்க முயல்பவர்கள், மானியை மாற்றுவதற்கு முன் குப்பியை மாற்றிப் பார்க்க வேண்டும்.

இந்த முறைக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. சூத்திரத்தில் வருபவை எல்லாம் அழுத்த வித்தியாசங்களின் விகிதங்கள் என்பதால், மூன்று அழுத்தங்களையும் ஒரே மானியில் படித்தால், அந்த மானி எல்லா அளவுகளையும் ஒரே விகிதத்தில் கூட்டிக் காட்டினாலும், சுழியத்திலிருந்து சற்று நகர்ந்திருந்தாலும், இரண்டு பிழைகளும் தாமே நீங்கிவிடுகின்றன. நேர்கோட்டிலிருந்து மானி விலகும் சிறு பிழை மட்டுமே எஞ்சும். வெற்றிடமாக்கிய கலனில் தொடக்க அழுத்தத்தைச் சுழியம் என்று தானாகவே எடுத்துக்கொள்பவர்கள் இந்தச் சலுகையை வீணடிக்கிறார்கள். பம்பு ஓடி முடிந்தபின் மானி 0.3 கிலோபாஸ்கல் காட்டினால், அது உண்மையில் மிச்சமிருக்கும் வாயுவோ, மானியின் சுழியப் பிழையோ, எதுவாயினும் அந்த 0.3 என்ற எண்ணையே சூத்திரத்தில் இட வேண்டும்.

சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைச் சுழியமாகக் கொண்டு காட்டும் சாதாரண மானியைப் பற்றியும் ஒரு தெளிவு தேவை. அளவறியாக் கலன் வெளிக்காற்றோடு சமநிலையில் இருந்து தொடங்கினால், வித்தியாசங்களில் காற்றழுத்தம் கழிந்துபோவதால், சாதாரண மானியின் எண்களை அப்படியே பயன்படுத்தலாம். வாயுவின் மோல் எண்ணிக்கையைக் கணக்கிடும் மற்ற முறைகளிலும், வெப்பநிலைத் திருத்தம் செய்யும்போதும், வெற்றிடத்தைச் சுழியமாகக் கொண்ட தனி அழுத்தம் கட்டாயம். கடல்மட்டத்தின் 101.3 கிலோபாஸ்கலை எல்லா இடத்துக்கும் கூட்டிவிடுவது சரியல்ல. தாழ்வான பகுதிகளில் ஏறக்குறைய 83 மீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோபாஸ்கல் குறைகிறது.

வால்வைத் திறந்த கணத்தில் என்ன நிகழ்கிறது என்பதைக் கூர்ந்து கவனிப்பது பயனுள்ளது. அளவறிந்த கலனில் எஞ்சிய வாயு, விரிந்து பிறவற்றைத் தள்ளியதால் குளிர்கிறது. மறுபுறம் முதலில் நுழைந்த வாயு, பின்னால் வருவதால் அமுக்கப்பட்டுச் சூடாகிறது. கையால் தொட்டாலே ஒரு புறக் குழாய் சில்லென்று இருப்பது தெரியும். ஆனால் மொத்த அமைப்புக்கு வெளியிலிருந்து வேலையும் செய்யப்படவில்லை, அது வெளியே வேலையும் செய்யவில்லை. ஜூல் 1845இல் இரண்டு செப்புக் கலன்களைத் தண்ணீரில் அமிழ்த்தி, ஒன்றில் அமுக்கப்பட்ட காற்றை வெற்றிடமான மற்றதற்குள் திறந்துவிட்டபோது, தண்ணீரின் வெப்பநிலையில் நிகர மாற்றம் எதுவும் காணவில்லை. தனித்தனித் தொட்டிகளில் வைத்தபோது ஒன்று குளிர்ந்து மற்றது சூடானது. இதன் பொருள், ஒரு பக்கத்தின் குளிர்ச்சியும் மறுபக்கத்தின் சூடும் அழுத்தக் கணக்கில் ஒன்றையொன்று ஏறத்தாழ ஈடுகட்டிவிடுகின்றன என்பதே. எனவே மானி முதல் சில நொடிகளிலேயே இறுதி எண்ணுக்கு அருகில் வந்துவிடுகிறது. அதன்பின் வரும் சிறு ஊசலாட்டம், இரு கலன்களின் சுவர்களும் வெவ்வேறு வேகத்தில் வெப்பத்தைக் கொடுத்து வாங்குவதால் வருவது. சிறிய உலோகக் கலனுக்குச் சில நிமிடங்களும், பெரிய தொட்டிக்கு அதைவிடப் பல மடங்கு நேரமும் காத்திருக்க வேண்டும். இந்த இயல்பான ஈடுகட்டல் அடுத்துவரும் முறைக்குக் கிடையாது. நான் முதல் முறையை முன்னிறுத்துவதற்கு இதுவே முதன்மையான காரணம்.

இரண்டாம் முறை: தெரிந்த ஓட்டத்தில் வாயுவைச் செலுத்துதல்

பெரிய தொட்டிக்கு அதே அளவில் இன்னொரு கலனைத் தேடிப்பிடிப்பது நடைமுறையில் கடினம். அப்போது மாஸ் ஃப்ளோ கண்ட்ரோலர் எனப்படும் ஓட்டக் கட்டுப்பாட்டுக் கருவியின் வழியாக நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று வாயுவைச் செலுத்தி, அழுத்தம் எவ்வளவு உயர்கிறது என்று பார்க்கலாம். எவ்வளவு பெரிய தொட்டியானாலும் செலுத்தும் நேரத்தை நீட்டினால் போதும் என்பதே இதன் பெரிய ஈர்ப்பு. தானியங்கிப் பதிவும் எளிது.

ஈர்ப்புக்கு விலை இரண்டு. முதலாவது, வெளியிலிருந்து வரும் வாயு தன்னோடு தள்ளுவேலையையும் சுமந்து வருவதால், உள்ளே நுழைந்தவுடன் சூடாகிறது. வெப்பம் வெளியேற வழியில்லை என்று வைத்துக்கொண்டால், 20 டிகிரியில் உள்ள காற்றை முழு வெற்றிடக் கலனுக்குள் விடும்போது அது ஏறக்குறைய 137 டிகிரிக்குப் போகும். வெளிக்காற்றின் அழுத்தத்தில் உள்ள கலனை இரட்டிப்பு அழுத்தத்துக்கு நிரப்பினால் 69 டிகிரி வரை போகும். உண்மையில் சுவர்கள் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால் அந்த அளவுக்கு ஏறாது, ஆனால் வேகமாகச் செலுத்தும்போது அழுத்த உயர்வின் வேகம் 1.4 மடங்கு வரை கூடக்கூடும். அந்த வேகத்தை அப்படியே கணக்கில் வைத்தால் கொள்ளளவு உண்மையில் உள்ளதில் 71 சதவீதமாகத் தோன்றும். மெதுவாகச் செலுத்தினால் கசிவும் அறை வெப்பநிலை மாற்றமும் கணக்கில் கலந்துவிடுகின்றன. ஏறிக்கொண்டிருக்கும்போது சாய்வைப் படிப்பதைவிட, செலுத்தி நிறுத்தி, வால்வை மூடி, அழுத்தம் அமையும்வரை காத்திருந்து, மொத்தச் செலுத்தலையும் மொத்த உயர்வையும் ஒப்பிடுவதே நல்லது.

இரண்டாவது விலை, பார்வைக்கு அற்பமானது. ஓட்டக் கருவிகள் காட்டும் லிட்டர் என்பது கலனுக்குள் இருக்கும் லிட்டர் அல்ல. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்கும் அழுத்தத்துக்கும் மாற்றிய திட்ட லிட்டர். பல கருவிகளில் அந்த வெப்பநிலை 0 டிகிரி, சிலவற்றில் 20 அல்லது 25 டிகிரி. நிமிடத்துக்கு 10 திட்ட லிட்டர் வீதம் 10 நிமிடம் நைட்ரஜனைச் செலுத்தினால், 0 டிகிரி அடிப்படையில் அது 4.46 மோல், 20 டிகிரியில் உள்ள 200 லிட்டர் தொட்டியில் அழுத்தம் 54.4 கிலோபாஸ்கல் உயரும். கருவியின் அடிப்படை 20 டிகிரி என்று தவறாக எண்ணிக் கணக்கிட்டால், அதே தொட்டி 186 லிட்டராகிவிடும். எந்தத் திறமையான புள்ளியியலும் இந்த 7 சதவீதத்தைப் பிடிக்காது, ஏனென்றால் எத்தனை முறை அளந்தாலும் அதே 186தான் வரும். ஒரு வாயுவுக்கு அளவு திருத்தப்பட்ட கருவியில் இன்னொரு வாயுவை ஓட்டினாலும் இதே வகையான விபத்து நேரும்.

கருவிகளின் இயல்பான துல்லியம் பெரும்பாலும் ஒரு சதவீதத்தை ஒட்டி இருப்பதால், இந்த முறையிலிருந்து அதைவிடச் சிறந்த விடையை எதிர்பார்க்கக் கூடாது. தொட்டி ஏறத்தாழ எவ்வளவு என்று தெரிந்தால் போதும் என்ற நிலையில் இதற்கு இணையான வசதி வேறில்லை.

மூன்றாம் முறை: செலுத்திய வாயுவை எடைபோடுதல்

சிறிய சிலிண்டரைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து வாயுவை அளவறியாக் கலனுக்குள் விட்டு, மீண்டும் சிலிண்டரை எடைபோட்டால், எவ்வளவு வாயு உள்ளே போயிற்று என்பது நேரடியாகக் கிராமில் தெரிந்துவிடும். அழுத்தத்தையும் வெப்பநிலையையும் படித்து, நல்லியல்பு வாயுச் சமன்பாட்டில் வைத்தால் கொள்ளளவு வந்துவிடும். அளவறிந்த கலனும் தேவையில்லை, ஓட்டக் கருவியும் தேவையில்லை.

20 டிகிரியில் 100 லிட்டர் கலனின் அழுத்தத்தை 100 கிலோபாஸ்கல் உயர்த்த 114.9 கிராம் நைட்ரஜன் தேவை. ஆர்கான் என்றால் 163.9 கிராம், ஹீலியம் என்றால் வெறும் 16.4 கிராம். 0.1 கிராம் வரை பிரிக்கும், சில கிலோகிராம் எடையைத் தாங்கும் தராசு கிடைத்தால், நைட்ரஜனில் தராசுப் பிழை 0.1 சதவீதத்துக்குள் அடங்கும். இங்கே ஆர்கானைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். எடை கூடுதல், வினைபுரியாது. அதே கணக்கை 2 லிட்டர் கலனுக்குப் போட்டால் ஆர்கான் 3.3 கிராம்தான் வரும் என்பதால், சிறிய கலன்களுக்கு இந்த முறை பொருந்தாது.

கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று: வாயு வெளியேறும்போது சிலிண்டர் குளிர்ந்து, அதன் மேல் காற்றின் ஈரம் பனித்துளியாகப் படியும். உடனே தராசில் வைத்தால் அந்த ஈரமும் சேர்ந்து எடையாகும். குளிர்ந்த உலோகத்தைச் சுற்றிக் கீழிறங்கும் காற்றோட்டமும் தராசை அசைக்கும். துடைத்துவிட்டு உடனே வைப்பதைவிட, அறை வெப்பநிலைக்கு வரும்வரை விட்டுவைப்பது மேல். இணைப்புக் குழாயில் தங்கிய வாயு சிலிண்டரின் கணக்கில் குறைந்திருக்கும், ஆனால் கலனுக்குள் வந்திருக்காது. குழாய் நீளமாகவும் அழுத்தம் அதிகமாகவும் இருந்தால் அதையும் கழிக்க வேண்டும்.

இந்த முறையில் முதல் முறையின் விகிதச் சலுகை கிடையாது. மானியின் அளவுத்திருத்தத்தில் உள்ள ஒவ்வொரு பிழையும், தெர்மாமீட்டரின் பிழையும், முழுதாக விடையில் வந்து சேரும். அளவுத்திருத்தச் சான்று உள்ள மானி கையில் இல்லாதவர்கள் இதைத் தொடாமல் இருப்பது நல்லது. இருப்பவர்களுக்கு, நூறு லிட்டருக்கு மேற்பட்ட கலன்களில் இதைவிட நம்பகமான வாயு முறை அரிது. முதல் முறையோடு சேர்த்து இதையும் செய்து இரண்டு விடைகளும் ஒத்துவருகின்றனவா என்று பார்ப்பவர்கள் இன்னும் ஒரு படி மேல், ஏனெனில் இரண்டின் பிழைகளுக்கும் மூலங்கள் வேறு.

சிறு துளை வழியாக வாயுவை வெளியேவிட்டு, அழுத்தம் இறங்கும் வேகத்திலிருந்து கொள்ளளவைக் கணிக்கும் நான்காவது வழியும் உண்டு. காற்றைப் பொறுத்தவரை வெளிப்புற அழுத்தம் உட்புறத்தின் 0.528 பங்குக்குக் கீழே இருக்கும்வரை துளையில் ஒலிவேக ஓட்டம் நிலைப்பதால் கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் உள்ளே எஞ்சும் வாயு குளிர்ந்துகொண்டே போவதால் விடை நம்பத்தக்கதாக இருப்பதில்லை. ஒரே மாதிரியான இரு தொட்டிகளை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன்.

எந்த வாயு, எந்தக் கலன், எவ்வளவு அழுத்தம்

உலர்ந்த நைட்ரஜன்தான் பெரும்பாலான தேவைகளுக்கு உகந்தது. 500 கிலோபாஸ்கலில், அறை வெப்பநிலையில், அது நல்லியல்பு வாயுவிலிருந்து 0.1 சதவீதம் அளவே விலகுகிறது. எளிதில் கிடைக்கிறதென்று கார்பன் டை ஆக்சைடைப் பயன்படுத்தினால், அதே நிலையில் விலகல் 2.5 சதவீதம்; திருத்தக் காரணி இல்லாமல் அதைக் கணக்கில் வைக்கக் கூடாது. ஹீலியத்தின் விலகல் மறுதிசையில் 0.25 சதவீதம்தான் என்றாலும், நைட்ரஜனைத் தாங்கும் இணைப்புகளில்கூட அது கசிந்துவிடும். ஹீலியம் தேவைப்படுவது கலனுக்குள் நுண்துளைப் பொருள் இருக்கும்போது: செயலூட்டிய கரி போன்றவை நைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் தம் பரப்பில் பிடித்துக்கொள்வதால் கலன் உண்மையைவிடப் பெரியதாகத் தோன்றும், ஹீலியம் அறை வெப்பநிலையில் அவ்வாறு பிடிபடுவது மிகக் குறைவு. தூள்களின் உண்மைப் பருமனை அளக்கும் பிக்னோமீட்டர்கள் ஹீலியத்தைக் கொண்டு இயங்குவதற்கு இதுவே காரணம்.

ஈரத்தைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. 20 டிகிரியில் தண்ணீரின் தெவிட்டு ஆவியழுத்தம் 2.3 கிலோபாஸ்கல். கலனின் அடியில் சில துளிகள் தங்கியிருந்து, வெற்றிடத்துக்குள் திறந்துவிட்ட வாயுவின் அழுத்தம் 25 கிலோபாஸ்கலில் அமைய வேண்டியிருந்தால், அத்துளிகளின் ஆவி மட்டுமே 9 சதவீதத்துக்கு மேல் அதில் சேர்ந்துவிடும். பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது அழுத்தம் 2 கிலோபாஸ்கலை ஒட்டி வெகுநேரம் இறங்க மறுத்து நின்றால், கசிவைத் தேடுவதற்கு முன் ஈரத்தைச் சந்தேகிக்கலாம்.

கசிவுக்கும் குளிர்தலுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு தாளில் அழுத்தத்தை நேரத்துக்கு எதிராக வரைந்தால் கண்டுகொள்ளலாம். குளிர்தலால் வரும் இறக்கம் முதலில் வேகமாகவும் பின் மெதுவாகவும் போய்க் கிடைக்கோடாகிவிடும். கசிவால் வரும் இறக்கம் நிற்காமல் ஏறக்குறைய ஒரே சாய்வில் தொடரும். இரண்டும் கலந்திருந்தால், பின்பகுதியின் சாய்வைத் திறந்த கணம்வரை பின்னோக்கி நீட்டி, கசிவில்லாமல் இருந்திருந்தால் எங்கே நின்றிருக்கும் என்று மதிப்பிடலாம். ஆனால் கசிவை அடைத்துவிட்டு மறுபடி அளப்பதே நேர்மையான வழி.

கலன் தாங்குமா என்பதை எல்லாவற்றுக்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும். வெற்றிடமாக்கிய கலனின் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பையும் வெளிக்காற்று பத்து டன்னுக்கு மேற்பட்ட விசையால் அழுத்துகிறது. மெல்லிய தகட்டாலான பீப்பாய் அதைத் தாங்காமல் நசுங்கும். உயர் அழுத்தத்துக்கென்று வடிவமைக்கப்படாத கலனில் அழுத்திய வாயுவை ஏற்றுவது அதைவிட ஆபத்தானது, ஏனென்றால் தண்ணீரைப்போல் அல்லாமல் அமுங்கிய வாயு வெடித்துச் சிதறும் ஆற்றலைத் தன்னுள் சேமித்து வைத்திருக்கிறது. நைட்ரஜனையோ ஆர்கானையோ அடைத்த அறைக்குள் வெளியேவிட்டால் ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து குறைந்து மூச்சுக்கே இடையூறாகும். உறுதி குறைந்த கலன்களுக்கு வெளிக்காற்றின் அழுத்தத்திலிருந்து சிறிதளவே உயர்த்தும் வகையைத் தேர்ந்தெடுத்து, அதனால் கூடும் பிழையை ஏற்றுக்கொள்வதைத் தவிர வழியில்லை. பிளாஸ்டிக் கலன்களில் இன்னொரு சிக்கலும் சேரும்: 200 மில்லிமீட்டர் ஆரமும் 3 மில்லிமீட்டர் சுவரும் உள்ள பாலிஎத்திலீன் உருளை, 100 கிலோபாஸ்கல் கூடுதல் அழுத்தத்தில் தானே ஏறக்குறைய ஒரு சதவீதம் உப்பிவிடும். 2 மில்லிமீட்டர் எஃகுச் சுவரில் அதே உப்பல் 0.01 சதவீதம்தான்.

பாதி நிரம்பிய தொட்டியில் மிஞ்சியிருக்கும் இடத்தை அளப்பதற்கு இம்முறைகளே முதன்மையான வழி. எடையின்மையால் திரவமட்டம் என்பதே இல்லாத செயற்கைக்கோளின் எரிபொருள் தொட்டியில், ஹீலியத்தின் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் கொண்டு மீதமுள்ள எரிபொருளைக் கணிப்பது பழக்கத்தில் உள்ள நடைமுறை. தொட்டி காலியாகக் காலியாக வாயுவின் இடம் பெருத்து, கழித்துவரும் எரிபொருளின் அளவு சிறுத்துவிடுவதால், துல்லியம் அதிகம் தேவைப்படும் ஆயுளின் இறுதியில்தான் இந்தக் கணிப்பு மிகவும் தடுமாறுகிறது. சிறிய மீதத்தைப் பெரிய இரண்டு எண்களின் வித்தியாசமாகக் கண்டறியும் எந்த அளவீட்டுக்கும் இந்தக் குறை உண்டு.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, ஒரு லிட்டர் முதல் ஏறத்தாழ ஐம்பது லிட்டர் வரையுள்ள, வெற்றிடத்தைத் தாங்கும் உலோகக் கலனுக்கு, அதே அளவை ஒட்டிய இன்னொரு கலனைத் தண்ணீரால் எடைபோட்டு அளவறிந்த கலனாக்கிக்கொண்டு, ஒரே மானியோடு முதல் முறையைச் செய்வதையே தேர்ந்தெடுப்பேன். நூறு லிட்டருக்கு மேல், நல்ல தராசும் சான்றுள்ள மானியும் இருந்தால் எடை முறை. இல்லாவிட்டால் ஓட்ட முறை, அதன் ஒரு சதவீதத்தையோ இரண்டு சதவீதத்தையோ ஒப்புக்கொண்டு. இடைப்பட்ட அளவுகளில் முடிவைத் தீர்மானிப்பது கையிலிருக்கும் கருவிகள்தான்.

அளவறிந்த கலனையும் தண்ணீரால் நிரப்ப முடியாத நிலை வந்தால், அதற்கும் ஒரு வழி இருக்கிறது. முதலில் வழக்கம்போல அளந்து, அளவறியாக் கலன் மற்றதைப்போல எத்தனை மடங்கு என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு பருமன் துல்லியமாகத் தெரிந்த எஃகு உருண்டைகளை அளவறியாக் கலனுக்குள் போட்டு மீண்டும் அளக்க வேண்டும். 2.000 லிட்டர் உருண்டைகளைப் போட்டதும் 0.950 என்ற விகிதம் 0.850 ஆகக் குறைந்தால், 2ஐ 0.950ஆல் பெருக்கி 0.100ஆல் வகுக்க, அளவறியாக் கலன் 19.0 லிட்டர் என்பதும், மற்றது 20.0 லிட்டர் என்பதும் ஒருசேரக் கிடைத்துவிடுகின்றன. விகிதத்தில் 0.001 தவறினாலே விடையில் ஒரு சதவீதம் போய்விடும் என்பதால், போடும் உருண்டைகளின் பருமன் கலனில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருக்கட்டும். வாய் அனுமதிக்குமானால் அதற்கு மேலும் போடலாம்.